வலியே இல்லீங்க டாக்டரம்மா

சித்திரை வெயிலு. ஃபேனே சூடாச் சுத்தற ரூமு. அதுல என்ற மாமா சென்னியப்பன் கழுத்து மூடுன பனியன் போட்டுட்டு செவத்தோட ஒட்டி நிக்கறாருங்க. தாடைக்குக் கீழ ஒரு இஞ்ச் தோல் வெளிய தெரியல. ஸ்வெட்டர் மாட்டி உட்ட சேவலாட்டம் இருந்தாரு.

"கையத் தூக்குங்கண்ணே"ன்னுச்சு ஜெனிஃபர்.

ஜெனிஃபர் பிசியோதெரபி பண்ற புள்ள. தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம், பனியன் கம்பெனி வேலைக்குன்னு வந்து இங்கயே தங்கிட்டாங்க. அது கையில ரெண்டு கால் வெச்ச பிளாஸ்டிக் ஸ்கேல் ஒண்ணு எப்பவும் இருக்கும். நம்ம கை எவ்வளவு தூரம் மேல போகுதுன்னு அதுல அளக்கும்.

மாமா வலது கையத் தூக்குனாரு. நெஞ்சு வரைக்கும் சர்ருன்னு வந்துச்சு. தோளுக்கு நேரா வந்ததும், லோடு ஏத்துன டெம்போ மேட்டுல தெணர்ற மாதிரி நின்னுருச்சு. மேல் ஒதட்டுல பொட்டுப் பொட்டா வேர்வை. பல்லக் கடிச்சுட்டு இன்னுங் கொஞ்சம் தூக்குனாரு. மூஞ்சி மட்டும் கல்யாண மண்டபத்து வாசல்ல சந்தனம் குடுக்கறவராட்டம் சிரிச்சுட்டே இருந்துச்சு.

"சாயாதீய, நேரா நில்லுங்க. வலிக்காண்ணே?"

"வலியே இல்லீங்க."

"தலை சீவ முடியுதா?"

"நல்லா சீவறனுங்க."

"சட்டை நீங்களேதான் போடுதீயளா?"

"நானேதானுங்க."

"மேல இருக்க சாமான எடுக்க?"

"அதெல்லாம் எடுக்கறனுங்க. நெம்ப நல்லாருக்குதுங்க."

ஜெனிஃபர் எழுதிக்கிச்சு. நான் கதவோரமா நின்னு மாமாவோட தலையப் பாத்தனுங்க. எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்ல இருந்து அவருக்கு இடது வகிடு. அன்னிக்கு நடு வகிடு. அத்தை தனக்கு எடுக்கற அதே வகிடு, கோடு போட்ட மாதிரி.

தலைய ஆரு சீவி உட்டாங்கன்னு அதுலயே தெரிஞ்சு போச்சுங்க.

கழுத்து மூடுன பனியன் எதுக்கு

இந்தத் தொடர்ல நடுவழியில ஏறுனவிங்களுக்கு ஒரு தடவை சொல்லிர்றேன். நான் டிரைவரு. படிப்பு ஒம்பதாவது. பத்தாவது என்னைப் பாத்துப் பயந்து ஓடிப் போச்சு. மொதல்ல துணி ரோல் ஏத்தற டெம்போ ஓட்டுனேன், இப்ப ஒரு டாக்டரம்மாவுக்குக் கார் ஓட்டறேன். அவங்க கேன்சர் ஆபரேஷன் பண்ற சர்ஜன். பேரைப் போட்டா வேலைய உட்டுத் தூக்கிருவேன்னு சொல்லியிருக்காங்க. அதனால டாக்டரம்மா, அவ்வளவுதான்.

அவங்க ஆபரேஷன் மட்டும் பண்ணுனா எனக்கு நிம்மதிங்க. அதோட ஆராய்ச்சியும் பண்றாங்க. ஆராய்ச்சின்னா கண்ணாடிக் குழாய்ல பொகை வர்றதுன்னு நான் நெனச்சுட்டிருந்தேன். இவங்க ஆராய்ச்சியில வர்றதெல்லாம் மனுசங்க கை மேல போகுதா, போகலியா.

வெசயம் இதுதானுங்க. வாய்ல கேன்சர் வந்தா வாய்ல மட்டும் வெட்டி எடுத்தா பத்தாது. கழுத்துல இருக்கற நெறிக்கட்டிகளையும் எடுக்கோணும், நோய் அங்க போயி ஒளிஞ்சிருக்கும். நெறய எடுக்கறதுன்னா தோளுக்குப் போற நரம்பைத் தொட்டு, இழுத்து, நகத்தி உட்டு எடுக்கோணும். நரம்பு கோவிச்சுக்கும். கை மேல வராது. கம்மியா எடுத்தா நரம்புப் பக்கம் அவ்வளவாப் போக வேண்டியதில்ல. ஆனா நோய் மிச்சம் நின்னுருமோன்னு பயம். ரெண்டு விதமாப் பண்ற டாக்டருங்களும் இருக்காங்க. எது சரின்னு டாக்டரம்மா கண்டுபுடிக்கோணும்.

அதுக்கு, சம்மதிச்ச ஆளுங்களுக்கு ஒட்டுன கவர் ஒண்ணு. உள்ள பெருசுன்னு இருந்தா பெரிய ஆபரேஷன், சிறுசுன்னு இருந்தா சின்னது. அப்பறம் மாசா மாசம் வந்து கையத் தூக்கிக் காட்டோணும். அளக்கற ஜெனிஃபருக்கு யாருக்கு எதுன்னு தெரியக் கூடாது. தெரிஞ்சா மனசு சாஞ்சிரும். கழுத்துத் தழும்பைப் பாத்தாலே கண்டுபுடிச்சிருமே, அதுக்குத்தான் கழுத்து மூடுன பனியன். டாக்டரம்மாவோட அண்ணன் கம்பெனியில தெச்சது. அதுக்குத் துணிய நிட்டிங் மெஷின்ல ஓட்டுனது ஆருங்கறீங்க? என்ற மாமாதான். தான் ஓட்டுன துணிக்குள்ள தானே வெந்தாரு.

அளக்கற நாள்ல வெளிய பெஞ்சைப் பாக்கோணுமே. வரிசையா எல்லாரும் கழுத்து வரைக்கும் மூடிட்டு விசிறிட்டு இருப்பாங்க. பனி பெய்யற தேசத்து ஆர்டருக்குப் போட்டோ புடிக்க வந்தவிங்களாட்டம்.

கல்யாண மண்டபத்து வாட்ச்மேன்

டாக்டரம்மா பொறந்தது பல்லடத்துக்கு இந்தப் பக்கம், தோட்டங்காட்டுக் குடும்பம். கெணறு வத்துனதும் அவங்கப்பா பனியன் கம்பெனி போட்டாரு. அண்ணன் கம்பெனிக்குப் போனாரு, தங்கச்சி டாக்டருக்குப் படிக்கப் போச்சு. பொண்ணுப் பாக்க வந்தவிங்க கிட்ட "உங்களுக்கு ரத்தம் பாத்தா மயக்கம் வருங்களா?"ன்னு கேட்டிருக்காங்க. மாப்பிள்ளையோட அம்மாவுக்கு அந்தக் கேள்வியிலயே மயக்கம் வந்துருச்சாம். இது அண்ணன் சொன்ன கதை, கொஞ்சம் ஜரிகை சேத்திருப்பாரு.

மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரியில சர்ஜரி கத்துக்கறப்ப, மொதல்ல வருசக்கணக்கா பெரிய டாக்டருங்க பக்கத்துல கொக்கி புடிச்சு நிக்கற வேலைதானாம். வெட்டுன தோல் மூடாம இழுத்துப் புடிக்கற கொக்கி. "கொக்கி புடிச்சு புடிச்சே என்ற கல்யாண வயசு போச்சு"ம்பாங்க. தையல் முடிச்சுப் போட்டுப் பழகறதும் அப்ப வந்த கெட்ட பழக்கம். இன்னைக்கும் பின் சீட்டுல உக்காந்துட்டு முன் சீட்டுத் தலையணைக் கம்பியில பனியன் வேஸ்ட் நூலை வெச்சு முடிச்சா போட்டுட்டே வருவாங்க. வண்டி கழுவற பையன் "ஏண்ணா, இது என்ன வேண்டுதலா?"ங்கறான்.

அங்க ஒரு அயர்ன் மாஸ்டருக்கு ஆபரேஷன் பண்ணிருக்காங்க. நம்மூர்க்காரரு. நோய் சுத்தமாப் போயிருச்சு. எல்லாருக்கும் சந்தோசம். ரெண்டு மூணு வருசம் கழிச்சு திருப்பூர்ல ஒரு கல்யாணத்துக்கு வந்தப்போ, மண்டபத்து கேட்டுல வாட்ச்மேன் ஒருத்தரு இடது கையில சல்யூட் வெச்சாராம். பாத்தா அவருதான்.

"ஏனுங்க, இஸ்திரி டேபிள் என்னாச்சுங்க?"

"இந்தக் கை மேல வர்றதில்லீங்க டாக்டரம்மா. போனாப் போகுது. உசுரு இருக்குதில்லீங்க."

அன்னிக்கு டாக்டரம்மா பந்தியில உக்காரலியாம். பெரிய டாக்டருங்க கிட்டப் போயி, "கழுத்துல இவ்வளவு எடுத்துத்தான் ஆகோணுமா?"ன்னு கேட்டா, "இப்படித்தான் பண்றது"ன்னாங்களாம். அந்தப் பதில் பத்தலைன்னுதான் ஊருக்கே வந்து இந்தக் கவர் கடைய ஆரம்பிச்சாங்க.

தெரியாதுன்னு போர்டு மாட்டுன கடை

நம்ம ஊர்ல தெரியாதுங்கற வார்த்தைக்கு எடமே இல்லீங்க. துணி வாங்கற வெளிநாட்டு பையர் போன் பண்ணி "சரக்கு ரெடியா?"ன்னு கேட்டா, நூலு இன்னும் மில்லுல இருக்கும், இவிய "பேக்கிங் ஓடுதுங்க சார்"ம்பாங்க. எதக் கேட்டாலும் முடிச்சிரலாங்க, ஆயிருங்க, வந்துருங்க.

அப்பேர்ப்பட்ட ஊர்ல ஒரு டாக்டரம்மா உக்காந்துட்டு, "பெரிய ஆபரேஷன் நல்லதுங்களா, சின்னது நல்லதுங்களா?"ன்னு கேட்டா "தெரியாதுங்க"ங்கறாங்க. பாதிப் பேரு ஸ்கேனைச் சுருட்டிட்டுக் கோயமுத்தூருக்கு பஸ் ஏறிருவாங்க.

"ஊர்லயே தெரியாதுன்னு போர்டு மாட்டிக் கடை நடத்தற ஆளு நீங்க மட்டுந்தானுங்க. அந்தப் பஸ்காரன் உங்களுக்குக் கமிஷன் குடுக்கோணும்"ன்னு நான் ஓட்டுவேன்.

"ரோட்டப் பாத்து ஓட்டுடா நவீனு"ம்பாங்க.

என்ற மாமா அந்த பஸ்ல ஏறாத ஆளு. பொங்கலூர் ரோட்டுல சின்னதா நிட்டிங் ஷெட்டு வெச்சிருக்காரு. வட்ட மெஷின், மேல ஸ்டாண்டுல நூல் கோன் வரிசையா மாட்டியிருக்கும், கீழ துணி குழாயாட்டம் எறங்கும். நூல் அறுந்தா செவப்பு லைட்டு எரிஞ்சு மெஷின் நின்னுரும். ஒடனே கையத் தலைக்கு மேல நீட்டி, அறுந்த நூலை எடுத்து, முடிச்சுப் போட்டு, ஊசிக்குக் குடுக்கோணும். நாள் பூரா இதே வேலை. கை மேல போகலைன்னா ஷெட்டுக்கு ஓனரா இருக்கலாம், ஆபரேட்டரா இருக்க முடியாது. மாமாவுக்கு ஓனருங்கற பேரே புடிக்காது. "சும்மா நாற்காலியில உக்காந்திருந்தா எனக்கு மூலம் வந்துரும்டா"ம்பாரு.

தூக்கம் வரக்கூடாதுன்னு கன்னத்துல பொகையிலை பாக்கெட்டு ஒதுக்கி ஒதுக்கி, கன்னத்துக்குள்ள ஆறாத புண்ணு வந்துருச்சு. நாந்தான் கூட்டிட்டுப் போனேன்.

டாக்டரம்மா ரெண்டு ஆபரேஷனையும் படம் போட்டு வெளக்கி, கவரைப் பத்திச் சொன்னாங்க. கேட்ட ஒடனே சரசு அத்தைக்கு மூஞ்சி மலந்துருச்சு. "ஓ, பூ கேக்கறதுங்களா! நம்ம கோயல்ல செவப்பும் வெள்ளையும் பொட்டலத்துல கட்டிப் போட்டு எடுக்கற மாதிரி. அப்ப சாமி எது குடுக்குதோ அதுதானுங்க நல்லது."

மாமா கையெழுத்துப் போடப் பேனாவ எடுத்துட்டாரு. டாக்டரம்மா பேனாவப் புடுங்கிட்டாங்க.

"இல்லீங்கக்கா. இதுல சாமி இல்லீங்க. கவருக்கு ஒண்ணுந் தெரியாது. உங்களுக்கு நல்லதைத்தான் எடுத்துக் குடுக்கும்னு நெனச்சுட்டு கையெழுத்துப் போடாதீங்க. கவர் வேண்டாம்னாலும் நானே பாப்பேன், உங்களோட உக்காந்து பேசி ஒண்ணு முடிவு பண்ணலாம்."

ஒரு நாள் பூரா யோசிச்சுட்டு வரச் சொல்லி அனுப்பிச்சாங்க. அடுத்த நாள் வந்ததும், "நீங்க புரிஞ்சுக்கிட்டதைச் சொல்லுங்க"ன்னாங்க.

மாமா தொண்டையச் செருமிட்டு, "உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, கவருக்கும் தெரியாது. சரிங்க, மூணு பேரும் ஒண்ணாப் போயிருவோம்"ன்னாரு.

அப்பறந்தான் பேனா கெடைச்சுது.

கவர்ல பெருசு வந்துச்சு. ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது. புண்ணு போன எடத்துல இன்னைய வரைக்கும் ஒண்ணும் திரும்ப வரல. காரம் சாப்புட முடியலைன்னு அத்தை கிட்ட சண்ட போடற அளவுக்கு வாய் தேறிருச்சு. கை மட்டும் நான் மொதல்ல சொன்ன மாதிரி.

ஒரம்பரை ஊட்டுச் சோறு

நடு வகிடு பாத்த அன்னிக்கு, ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்புல இருக்கற டீக்கடையில மாமாவ உக்கார வெச்சேன். டம்ளர இடது கையில எடுத்தாரு.

"மாமா, பொய் சொல்றதுன்னா ஒரு தரம் வேண்டாமுங்களா? பொம்பளை வகிடு எடுத்துட்டு வந்து நானே சீவறனுங்கன்னு சொல்றீங்க. அடுத்த தடவை பூவும் வெச்சுட்டு வாங்க."

"போடா எகத்தாளம் புடிச்சவனே."

"வலிக்குதா இல்லியா?"

"உன்ற கிட்டச் சொல்றதுக்கென்ன. கிளம்பறப்பவே வலி மாத்திரை போட்டுட்டுத்தான் வந்தேன். அப்பவும் உள்ள ராவி வலிக்குது. ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியறதில்ல."

"இதையே அந்தப் புள்ள கிட்டச் சொல்றதுக்கென்னங்க?"

மாமா என்னை ஏதோ கெட்ட வார்த்த பேசுனவனைப் பாக்கற மாதிரி பாத்தாரு. "எப்படிடா சொல்றது? அந்தம்மா என்ற வாயைக் காப்பாத்திக் குடுத்திருக்குது. அவிய எடத்துலயே போயி நின்னுட்டு வலிக்குதுங்கறதா? ஒரம்பரைன்னு சொந்தக்காரங்க ஊட்டுல சாப்புடப் போயி சோத்துல உப்பு இல்லைன்னு சொல்லுவியா நீயி?"

"நான் சொல்லுவேன்."

"நீ சொல்லுவ. அதனாலதான் உன்னை யாரும் கூப்புடறதில்ல." டீய உறிஞ்சிட்டு மெதுவாச் சொன்னாரு. "அதுவுமில்லாம அந்தப் புள்ள மார்க்குப் போடுதுடா. நாம கம்மியா வாங்குனா கெட்ட பேரு அந்தம்மாவுக்குத்தான?"

சிரிக்கறதா அழுவறதான்னு தெரியலீங்க. கை நல்லாருக்குன்னு இவரு சொல்லிட்டதால, அந்தக் கைக்குன்னு தனி வைத்தியம் யாரும் ஆரம்பிக்கல. இப்படியே சிரிச்சுட்டே போனா தோள் பூட்டிக்கும். ஒரு மனுசன் மரியாதைக்குக் கையக் குடுத்துட்டு நிக்கறாரு.

பெஞ்சுல இருந்த மத்தவிங்களையும் ஓரக்கண்ல பாத்துட்டுத்தான் இருந்தேன். வெளிய "அம்மா... அப்பா"ன்னு தோளைப் புடிச்சுட்டு உக்காந்திருந்தவரு, உள்ள போனதும் "நல்லாருக்குதுங்க, நல்லாருக்குதுங்க"ங்கறாரு. பால் காய்ச்சற ஊட்டுக்கு வந்து சுத்திப் பாக்கறவராட்டம்.

வண்டியத் திருப்பு

அடுத்த நாள் காலையில கார்ல போறப்ப சொல்லிட்டேன். டாக்டரம்மா பின்னால முடிச்சுப் போட்டுட்டு இருந்தாங்க. நான் வகிடுல ஆரம்பிச்சு மார்க்குல முடிச்சேன். கண்ணாடியில பாத்தா விரல் நின்னு போச்சு.

"எல்லாருமா?"

"எல்லாரையும் எனக்கென்னங்க தெரியும். வெளிய பெஞ்சுல ஒரு ஆஸ்பத்திரி, உள்ள ஒரு ஆஸ்பத்திரி. அவ்வளவுதான் பாத்தேன்."

டாக்டரம்மா நூலைக் கம்பியிலயே உட்டுட்டு முன்னால சாஞ்சாங்க.

"அந்த வாட்ச்மேனை எனக்கு இப்பவும் ஞாபகம் இருக்குது நவீனு. ஆபரேஷனுக்கு அப்பறம் எத்தனையோ தடவை என்னப் பாக்க வந்திருக்காரு. ஒரு தடவை கூடக் கையப் பத்திச் சொல்லல. நான் கை வர்லைங்கறத மட்டும் புடிச்சுக்கிட்டேன். அவரு அதச் சொல்லாம இருந்தாருங்கறத உட்டுட்டேன்."

நான் கிண்டல் பண்ணாம கியர மாத்துனேன். என்ற வாய்க்கு அது பெரிய வெசயம்.

"பெருசு, சிறுசுன்னு ரெண்டு கூட்டத்தையும் இன்னும் பிரிச்சுப் பாக்கல. பாக்கவும் கூடாது. ஆனா மொத்தமாப் பாக்கறப்பவே எல்லாருக்கும் நல்லாருக்குதேன்னு நெனச்சேன். சந்தோசமாக் கூட இருந்துச்சு."

"கேள்விய மாத்திருங்க. நூல் கோன் ஒண்ணு கொண்டாந்து மேல மாட்டச் சொல்லுங்க. குட்டு ஒடைஞ்சிரும்."

"பாதி ஆர்டர் ஓடறப்ப அளவு சார்ட்ட மாத்துவாங்களா? முன்னாடி அளந்ததும் பின்னாடி அளந்ததும் சேராது. கேள்வி அதேதான். பதில்தான் சரியா வரோணும்." அப்பறம் திடீர்னு, "வண்டியத் திருப்பு. உங்க மாமன் ஷெட்டுக்குப் போ"ன்னாங்க.

"ஓபி இருக்குதுங்களே?"

"போன் பண்ணிச் சொல்லிக்கறேன். திருப்பு."

ஷெட்டுல ஒரு ஸ்டூலு

ஷெட்டுக்குள்ள போனா மொதல்ல வர்றது சத்தம், அப்பறம் ஆயில் வாசம். பஞ்சுத் தூசி மாமாவோட புருவத்துல நரைச்ச மாதிரி ஒக்காந்திருந்துச்சு. அவரு எங்களைப் பாக்கல. செவப்பு லைட்டு எரிஞ்சு ஒரு மெஷின் நின்னுது. மாமா ஓரமாக் கெடந்த பிளாஸ்டிக் ஸ்டூலைக் காலாலயே தள்ளிக் கொண்டாந்து, அது மேல ஏறி நின்னாரு. கையத் தூக்கறதுக்குப் பதிலா ஆளையே தூக்கிக்கிட்டாரு. நூலை எடுத்து, முடிச்சுப் போட்டு, எறங்கி, ஸ்டூலைக் காலால தள்ளிட்டே திரும்பறாரு. டாக்டரம்மா நிக்கறாங்க.

"அய்யோ, வாங்க வாங்க டாக்டரம்மா! சரசு, மோர் கொண்டா!"

"கை எப்படிங்க இருக்குது?"

"நெம்ப நல்லாருக்குதுங்க." கால் இன்னும் ஸ்டூல் மேலதான் இருந்துச்சு.

டாக்டரம்மா அந்த ஸ்டூலையே இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. "ஏனுங்ண்ணா, ஆபரேஷன் பண்ணுன எல்லாரும் நல்லாருக்குதுங்கறாங்க. பெருசு பண்ணுனவிங்களும் சிறுசு பண்ணுனவிங்களும். அப்ப நான் என்ன எழுதுவேன்? ரெண்டும் ஒண்ணுதான், கைக்கு ஒண்ணும் ஆகறதில்ல, பெருசே பண்ணிக்கலாம்னு எழுதிருவேன். நாளைக்கு இந்த ரோட்டுல இன்னொரு நிட்டிங்காரருக்குப் புண்ணு வந்தா அவருக்கும் பெருசுதான்."

மோரோட வந்த சரசு அத்தைதான் நின்ன எடத்துலயே கொட்டிட்டாங்க, மோரை இல்ல, மனசை. "நாந்தானுங்க தலை சீவி உடறேன். நாந்தான் சட்டை மாட்டி உடறேன். ராத்திரி முனகறாரு, என்னன்னா கனவுங்கறாரு. உங்க கிட்டச் சொல்லுங்கன்னா என்னையே வையறாரு."

"சரசு!"

"என்ன சரசு?"

மாமா தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. ரெண்டு மெஷின் ஓடிட்டே இருந்துச்சு. அப்பறம் ஏதோ புதுசா ஒண்ணு புரிஞ்ச மாதிரி நிமுந்தாரு.

"அப்ப வலிக்குதுன்னு சொன்னா உங்களுக்கு உதவிங்களா?"

"நெம்ப உதவிங்க."

"அட! அப்படின்னா வலிக்குதுங்க. பயங்கரமா வலிக்குதுங்க. கையே இல்லாத மாதிரி எழுதிக்கோங்க."

நான் சிரிச்சே போட்டேன். "போச்சுங்க டாக்டரம்மா. இனி உங்களுக்கு உதவி பண்றேன்னு ஸ்ட்ரெச்சர்ல படுத்துட்டு வருவாரு."

அவங்களும் சிரிச்சுட்டாங்க, ஆனா கண்ணு சிரிக்கல. "அதுவும் வேண்டாமுங்க. எவ்வளவு வலிக்குதோ அவ்வளவு சொல்லுங்க. கை எங்க நிக்குதோ அங்க நிறுத்துங்க."

"நீங்களே ஒண்ணு சொல்லிருங்களேன். எது சொன்னா உங்களுக்கு நல்லதோ அதையே சொல்லிர்றனுங்க."

"எனக்குத் தெரியாதுங்ண்ணா. தெரிஞ்சா உங்களை எதுக்குக் கேக்கறேன்?"

மாமா அந்த வார்த்தைய மொதல் நாளே கேட்டவருதான். இருந்தாலும் அன்னிக்குத்தான் அது உள்ள போன மாதிரி இருந்துச்சு. மெல்லமாத் தலையாட்டுனாரு. "ஓ, நெசமாவே தெரியாதுங்களா? நான் என்னமோ தன்னடக்கம்னு நெனச்சுட்டனுங்க."

கார்ல ஏறுனதும் டாக்டரம்மா ஜெனிஃபருக்குப் போன் போட்டாங்க. யாரு வீடு, யாரு மாமன்னு ஒண்ணுஞ் சொல்லல. இனி அளக்கறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் ஒரே வார்த்தை சொல்லோணும்: வலிக்குதுன்னா டாக்டரம்மாவுக்குக் கோவம் வராது, நல்லாருக்குன்னா சந்தோசமும் வராது. முன்னாடி எழுதுனதை என்னங்க பண்றதுன்னு கேட்டேன். "அதைத் தொடக் கூடாது. அப்படியே நிக்கும். எங்க தப்பு பண்ணுனேன்னு பக்கத்துல நானே எழுதுவேன்"ன்னாங்க. அப்பறம் ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் ஒரு முடிச்சு கூடப் போடல.

மறுபடியும் அந்தச் செவுரு

அடுத்த மாசம். அதே ரூமு, அதே ஃபேனு, அதே பனியன். மாமாவுக்கு அதே நடு வகிடு, இந்தத் தடவை மறைக்கல. மாத்திரை போடலைன்னு அத்தை எனக்குப் போன்லயே சாட்சி சொல்லிட்டாங்க.

ஜெனிஃபர் சொல்ல வேண்டிய வார்த்தையச் சொல்லி முடிச்சுது. "கையத் தூக்குங்கண்ணே."

கை நெஞ்சுக்கு வந்துச்சு. தோளுக்கு வந்துச்சு. நின்னுச்சு. மாமா தள்ளல. சிரிக்கவும் இல்ல. பல்லு தெரியாத மாமாவ நான் அன்னிக்குத்தான் பாத்தேன்.

"வலிக்காண்ணே?"

வாய் தெறந்துச்சு. மூடுச்சு. பொறந்ததுல இருந்து பழகுன வார்த்தை ஒண்ணு தொண்டையில வந்து நிக்கறது எனக்கே தெரிஞ்சுது. அதை முழுங்கிட்டு, பக்கத்து ரூமுக்குக் கேட்டுருமோன்னு பயந்த மாதிரி,

"வலிக்குதுங்க"ன்னாரு.

"தலை சீவ முடியுதா?"

"ஊட்டுல சீவி உடறாங்க."

"சட்டை?"

"அதுவும்."

ஜெனிஃபர் ஸ்கேலை வெச்சுப் பாத்து எழுதுச்சு. போன மாசத்தை விட ஒரு நல்ல எறக்கம். எழுதிட்டு, "கைக்குத் தனியா பயிற்சி ஆரம்பிக்கணும்ணே, வாரா வாரம் வாங்க. விட்டீயன்னா தோள் இறுகிரும்"ன்னுச்சு. மாமா, பரீட்சையில பெயிலானதுக்குப் பரிசு குடுத்த மாதிரி முழிச்சாரு.

வெளிய வந்தா வராண்டாவுல டாக்டரம்மா எதுத்தாப்புல வர்றாங்க. தியேட்டருக்குப் போற வேகம், தலையில தொப்பி. மாமாவப் பாத்து நின்னாங்க.

"எப்படிங்ண்ணா இருக்கீங்க?"

மாமா ரெண்டு கையையும் கும்புடத் தூக்குனாரு. வலது கை பாதியில நின்னுச்சு. அதை அங்கயே நிக்க உட்டுட்டு, நெம்ப மரியாதையா, ஒவ்வொரு எழுத்தா எடுத்து வெச்சு சொன்னாரு.

"நல்லாயில்லீங்க டாக்டரம்மா."

"நெம்ப நன்றிங்க"ன்னு அவங்களும் கும்புட்டுட்டுத் தியேட்டருக்குள்ள போனாங்க. அன்னிக்கும் உள்ள ஒருத்தருக்குக் கவர் காத்துட்டு இருந்துச்சு.